மேற்குச் சுவரும் மாம்பழ மஞ்சளும்

எங்கள் வீட்டு மேற்குச் சுவரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. ரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். நான் தின்ற உப்பைவிட அந்தச் சுவர் கக்கிய உப்பு அதிகம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. அவர் குடியிருப்பது வாடகை வீட்டில்.

எங்கள் கதை டெலானிபூரில் தொடங்குகிறது. குன்றுச் சரிவில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துகிற வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த நான், அந்தக் குவார்ட்டர்ஸில் மனைவியோடு பதினாறு வருஷம் இருந்தேன். மே மாதம் மழை தொடங்கியதும் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படரும். துடைத்தால் போகும். நாலு நாளில் சொந்தக்காரன் மாதிரித் திரும்பி வரும். என் மனைவிக்கு மூச்சிரைப்பு. மழையோடு சேர்ந்து இன்ஹேலர் தலையணைக்கு அடியில் குடியேறும். டிசம்பரில்தான் அலமாரிக்குத் திரும்பும். வருஷத்தில் எட்டு மாதம் அவள் மூச்சை அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

கடன் வாங்கி, ஊருக்குச் சற்று வெளியே மேட்டில் ஒரு துண்டு நிலம் பிடித்து, வீடு கட்டுவது என்று முடிவானபோது நான் ஒரு நோட்டு நிறைய ஆசைகளை எழுதி வைத்தேன். வளைவு வைத்த வாசல், கண்ணாடி பதித்த மாடிப்படி, மொட்டை மாடியில் ஊஞ்சல். அவளுக்கு என்ன வேண்டும் என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

“எனக்குக் காய்ஞ்ச சுவரு வேணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்,” என்றாள்.

அந்த ‘மத்ததெல்லாம்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முன்பாதி காதில் விழுந்ததாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை.

என் மனைவியின் அண்ணன் மதுரையில் இருக்கிறார். நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர். அவர் தன் புது வீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரிச் சதுரமான வீடு. கூரை நீட்டம் கிடையாது, ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் கிடையாது, சுவர்கள் வானத்திலிருந்து தரைக்கு நேராக இறங்கின. ‘மாடர்ன் எலிவேஷன்’ என்று கீழே எழுதியிருந்தார். நான் சொக்கிப்போனேன்.

எங்கள் தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம்மாள் என்று யார் கட்டினாலும், சரிந்த தகரக் கூரையைச் சுவருக்கு வெளியே கை நீளம் இழுத்துவிடுவார்கள். வீட்டுக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். எனக்குத் தகரம் என்றாலே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வரும். பதினாறு வருஷம் தகரத்துக்கு அடியில் இருந்தவன், இனிமேல் செத்தாலும் தகரத்தைப் பார்க்க மாட்டேன் என்று இருந்தேன். கொத்தனார் இரண்டு முறை சன்ஷேட் பற்றிக் கேட்டார். இரண்டு முறையும் மச்சான் வீட்டுப் படத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

பக்கத்து வீட்டம்மா சும்மா இருக்கவில்லை. அவர் இங்கேயே பிறந்தவர். கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. மெயின்லேண்டுக்கு ஆயிரக்கணக்கான பேரை அனுப்பி வைத்தவர், தான் போனது இரண்டே தடவை. அவர் வீட்டின் மேற்குப் பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, தகர ஷீட் அடித்திருந்தது.

“அண்ணா, இங்க மழை எந்தப் பக்கமா வரும், மாலூம் ஹை?” என்று வேலியோரம் நின்று கேட்டார்.

“மேலேருந்துதான்.”

“அது உங்க மதுரையில. இங்க சைடுல வரும்.”

“அதுக்காக வீட்டைக் கோடவுன் மாதிரி ஆக்கிக்க முடியுமா?” என்றேன், அவர் வீட்டைக் கண்ணால் காட்டி.

“அரே, கோடவுன் இல்லண்ணா, ரெயின்கோட்டு,” என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். என் சிரிப்புக்கு ஆயுள் மூன்று மாதம்.

சிமென்ட் பூச்சு முடிந்தது ஆடி கடைசியில். அதற்குள் மச்சான் தொலைபேசியில் வந்துவிட்டார்.

“மாப்ளே, ஆவணியில அருமையான முகூர்த்தம். விட்டா தைதான். எனக்குத் தையில தலைக்கு மேல வேலை. அதான் ஃப்ளைட்டுக்கே டிக்கெட் போட்டுட்டேன்.”

இந்த இடத்தில் என் கோபத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மதுரையில் ஆவணி என்றால் வெயில், புழுக்கம், எப்போதாவது சாயங்காலம் இரண்டு தூறல். அந்தமானில் ஆவணி என்றால் வானம் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காலம். எங்களுக்கு அரிசி மெயின்லேண்டிலிருந்து வருகிறது, வெங்காயம் வருகிறது, பெயின்ட் வருகிறது. போகட்டும், தீவு என்றால் அப்படித்தான். ஆனால் நாள்காட்டியையுமா அங்கிருந்து இறக்குமதி செய்வது? இத்தனை வருஷம் இந்த மழையில் நனைந்தவன் நான். ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் ஜன்னலைத் திறக்கவில்லை, சாரல் அடிக்கும் என்று. காலண்டரைத்தான் திறந்தேன்.

“தையிலயே வச்சுக்கலாமேங்க. சுவரு காயட்டும்,” என்றாள் மனைவி.

“உங்க அண்ணன் டிக்கெட் போட்டுட்டார்.”

“அவர் போட்டா நம்ம சுவரு காய்ஞ்சிருமா?”

பதில் இல்லாத கேள்விகளுக்கு அலுவலகத்தில் நாங்கள் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுவோம். அதையே செய்தேன்.

பெயின்டர் ஒரு வங்காளி. எல்லாரும் அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். அவர் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிறகு புறங்கையை, பிறகு கன்னத்தை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“சாப், தீவார் கீலா ஹை. ரங் நஹீ பக்டேகா,” என்றார். சுவர் ஈரமாக இருக்கிறது, வண்ணம் பிடிக்காது.

“பக்டேகா, பக்டேகா,” என்று நான் அவர் தோளில் தட்டினேன். பிடிக்க வேண்டியது வண்ணம். உறுதி கொடுத்தது நான்.

அடுத்த பத்து நாள் நான் அந்தச் சுவரைக் காயவைத்த கதையை என் எதிரிகளிடம் யாரும் சொல்ல வேண்டாம். முதலில் கூரையிலிருந்து நீலத் தார்ப்பாயைத் தொங்கவிட்டேன். மேல்காற்று அதற்குள் புகுந்து பாய்மரம் மாதிரி உப்ப, வீடு நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடும்போல் ஆடியது. தார்ப்பாய்க்குள் ஒரு மின்விசிறியை வைத்தேன். அது ஈரக்காற்றைச் சுவருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரும்புச் சட்டியில் சிரட்டைக் கரி மூட்டி வைத்தேன். புகை திரண்டது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “மீன் சுடுறீங்களா அண்ணா?” என்று கேட்டார். கடைசியில் மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கதவு அகலத்துக்குக் காயவைத்தேன். இறங்கி வருவதற்குள் சாரல் அடித்தது.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது இரண்டு நாள் மழை விட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தாதா தலையை ஆட்டிக்கொண்டே அடித்தார். நான் தேர்ந்தெடுத்த வண்ணம் மாம்பழ மஞ்சள். அந்தச் சாம்பல் வானத்துக்குக் கீழே வீடு சூரியனை விழுங்கிய மாதிரி நின்றது. நான் சாலையின் மறுபக்கம் போய், கைகட்டி நின்று, யாரோ ஒரு பணக்காரனின் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. மச்சான் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார். பூஜை முடிந்து, சாப்பாடு முடிந்து, வெற்றிலையோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன்.

“என்ன மாப்ளே, கலரு சும்மா தகதகன்னு இருக்கு!”

மேற்குப் பக்கம் திரும்பியதும் நின்றார். சுவரில் அங்கங்கே கொப்புளங்கள். சிறியவை சுண்டைக்காய் அளவு, பெரியவை உளுந்தவடை அளவு. காலையில் அவை இல்லை என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

“இது என்ன, டிசைனா?” என்று மச்சான் விரலை நீட்டினார்.

“கை வைக்காதீங்க மச்சான்!”

வைத்துவிட்டார். வடை உடைந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் தண்ணீர் பீய்ச்சி அவர் பட்டு வேட்டியில் முழங்காலிலிருந்து கரைவரைக்கும் ஓடியது. அவர் வேட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்க வீட்டுல பாலை எதுக்கு மாப்ளே காய்ச்சினீங்க? சுவரே பொங்குதே!”

கூட்டம் சிரித்தது. அதில் தாதாவும் இருந்தார். சாப்பாட்டுக்கு நானேதான் கூப்பிட்டிருந்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த உடைந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சுவருக்கு மறுபக்கம் இருப்பது எங்கள் படுக்கையறை.

புரட்டாசி பாதியில் பெயின்ட் தோல் உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மழை பக்கவாட்டில் அடிக்கிறது. தடுக்க ஒரு நீட்டம் இல்லை. பூச்சின் மயிரிழை வெடிப்புகள் வழியாக உள்ளே போன தண்ணீர், நான் அவசரமாகப் பூசிய பெயின்ட்டால் வெளியே வர முடியாமல் வீட்டுக்குள் வழி தேடியது. ஐப்பசியில் படுக்கையறைச் சுவரின் மூலையில் அது வந்தது. கறுப்பாக, வட்டமாக. டெலானிபூரில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்த அதே பூஞ்சை.

என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாள் பேசாமல் இருந்து, சமாதானமாகிக் கணக்கை முடித்திருப்பேன். அவள் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்ஹேலர் தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு சட்டையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். விசில் மாதிரி அவள் நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சட்டை என்னுடையது. நான் வாங்கி மடித்தேன். எனக்குச் சட்டை மடிக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டுமே. அபர்டீன் பஜாரில் பெயின்ட் வாங்கிய கடைக்குப் போனேன். காலி வாளியையும் சாட்சியாகக் கையில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். கடைக்காரர் தூத்துக்குடிக்காரர்.

“அண்ணாச்சி, பத்து வருஷம் கியாரண்டின்னு போட்டிருக்கு. பத்து நாள்கூட நிக்கல!”

“போட்டிருக்கு சார். கீழயும் ஏதோ போட்டிருக்கு பாருங்க.”

வாளியின் கைப்பிடிக்குக் கீழே, கொசு எழுதிய மாதிரிப் பொடி எழுத்தில் இருந்தது. சுவர் முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் பூசக் கூடாது.

“இந்த ஊர்ல எட்டு மாசம் மழை அண்ணாச்சி. அப்ப எட்டு மாசம் கடையைப் பூட்ட வேண்டியதுதானே?”

“நான் எதுக்குப் பூட்டணும்? ஆவணியில எனக்கு விக்கிறதே சோப்பும் கயிறும் கொசுவலையும்தான். அந்த மாசம் பெயின்ட் கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். ஏதோ உள்ளே அடிக்கப் போறாருன்னு நினைச்சேன்.”

பக்கத்தில் கயிறு வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இன்றைக்கும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். அது மட்டும் ஒழுகுவதில்லை.

டிசம்பரில் வானம் வெளுத்ததும் தாதாவைக் கூப்பிட்டேன். “ஹம் போலா தா நா, சாப்,” என்றார். நான் அப்பவே சொன்னேனே. சொன்னார்தான். உலகத்தில் எல்லாரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லாதவை மேற்குச் சுவருக்கு எதிரே தென்னந்தோப்பில் மேய்கிற இரண்டு பசுக்கள் மட்டும்தான். அவற்றை நான் கேட்கவுமில்லை. தாதா கம்பித் தேய்ப்பானால் சுவர் முழுவதையும் சுரண்டினார். மாம்பழ மஞ்சள் சுருள் சுருளாக விழுந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உப்பு மறுபடி உள்ளே போய்விடும் என்று சொல்லி உலர் துடைப்பத்தால் உப்பைத் தட்டினார். சுவர் அம்மணமாக நின்றது. நான் தினமும் காலையில் போய் அதன் நலம் விசாரித்தேன். ஒரு பாலிதீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் அதன் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஜனவரி முழுக்க முத்து. பிப்ரவரி நடுவில் ஒரு நாள் பாலிதீன் வறண்டு கிடந்தது. அலுவலகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு மாம்பழ மஞ்சள் வாங்கப் போனேன். ஆமாம், மறுபடியும் அதே மஞ்சள்தான்.

தாதா சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்து, “அப் பக்டேகா,” என்றார். இப்போது பிடிக்கும். நான் வெற்றிப் புன்னகையோடு திரும்பியபோது மனைவி வாசல்படியில் நின்றிருந்தாள். என்னை விட்டுவிட்டு அவரிடம் கேட்டாள்.

“தாதா, மழை ஆரம்பிச்சா இந்த ரங் தண்ணிய நிறுத்துமா?”

தாதா என் முகத்தைப் பார்த்தார். தூரிகையைப் பார்த்தார். நல்ல மனிதர், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“தீதீ, ரங் தோ சுந்தர் கரேகா. பானி டின் ரோக்கேகா.” அக்கா, வண்ணம் அழகாக்கும். தண்ணீரைத் தகரம்தான் நிறுத்தும்.

நான் குதித்தேன். “தகரமா? என் வீட்டுக்கா? நான் என்ன கொப்பரைக் கிடங்கா கட்டியிருக்கேன்? எலிவேஷன் என்ன ஆகும்?”

“யாருங்க பாக்கப் போறா? அந்தப் பக்கம் தோப்பும் ரெண்டு மாடும்தான் இருக்கு.”

“மாடு பாக்காதா?”

“மாட்டுக்குக் கலரு சரியாத் தெரியாதாம்.” அவள் சிரிக்காமல் சொன்னாள். பிறகு குரலை இறக்கி, “இந்த மழைக்கும் நான் ஹால்லதான் படுக்கணுமா?” என்றாள்.

எனக்கு அதற்குப் பரிசீலனையில் உள்ளது என்று எழுத வரவில்லை.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? முதலில் பெயின்ட், பிறகுதான் தகரம் என்று அடம் பிடித்தேன். மூடப்போகிற சுவருக்கு எதற்கு வண்ணம் என்று தாதா கேட்டார், மனைவி கேட்டாள், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. கேட்கட்டும். இரண்டு கோட்டு மாம்பழ மஞ்சள், மாசு மருவில்லாமல் அடித்து முடித்தார். இரண்டு நாள் அதை நான் மட்டும் நின்று ரசித்தேன். மூன்றாம் நாள் தகர ஷீட்டுகள் வந்தன.

வேலையை மேற்பார்வை செய்தது பக்கத்து வீட்டம்மா. கவுன்ட்டர் வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டு வந்தாரோ என்னவோ. “சுவரோட ஒட்டி அடிக்காதீங்க! மரச்சட்டம் வச்சு கேப் விடுங்க, ஹவா போகணும், காத்து!” என்று தச்சரை அதட்டினார். திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் போட்டார்களா என்று ஒவ்வொன்றாக எண்ணினார். உப்புக்காற்றில் வருஷா வருஷம் எந்தத் திருகாணி துருப்பிடிக்கும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். கடைசி ஷீட் ஏறி, கடைசி மஞ்சள் மறைந்தபோது என் பக்கம் திரும்பி, “முபாரக் ஹோ அண்ணா, இப்ப நம்ம லைன்ல ரெண்டு கோடவுன்,” என்றார். நான் வணக்கம் வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

மச்சான் வீடியோ காலில் வந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கிழக்குப் பக்கத்தைப் பதினைந்து நிமிஷம் காட்டினேன். மேற்கே சிக்னல் இல்லை என்றேன்.

மே மாதம் மழை வந்தது. பக்கவாட்டில்தான் வந்தது, நாசமாய்ப் போனது. தகரத்தில் அது அடித்த சத்தம் இருக்கிறதே, லாரி நிறையக் கூழாங்கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி. வீட்டுக்குள் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டியிருந்தது. “காபி!” என்று நான் கத்தினால், “சாவியா? ஆணியில இருக்கு!” என்று பதில் வந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம், இந்தத் தகரத்தைப் பிய்த்து எறிகிறேன் பார் என்று படுக்கையறைக்குள் போனேன்.

கட்டில் ஹாலிலிருந்து அங்கே திரும்பி வந்திருந்தது. அவளே இழுத்துப் போட்டிருக்கிறாள். மேற்குச் சுவரை ஒட்டி. அவள் அதன்மேல் உட்கார்ந்து, சுவரில் உள்ளங்கையைப் பதித்திருந்தாள்.

“இங்க வாங்க. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். நல்ல காய்ந்த சுவர். பப்படம் மாதிரி இருந்தது. வெளியே கூழாங்கல் மழை. இந்தப் பக்கம் ஒரு துளி ஈரம் இல்லை. அவள் நெஞ்சுக்குள் அந்த விசில் எனக்குக் கேட்கவில்லை. தகரச் சத்தம் அதற்குக் காரணமில்லை; நான் குனிந்து, காதைப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டேன்.

“என்ன பண்றீங்க?” என்று தள்ளிவிட்டாள். பிறகு, “இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? வடக்குச் சுவரும் கீழே லேசா சில்லுனு இருக்கு. அந்தப் பக்கத்துக்கும் போட்டுரலாமா?”

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வேன்? வடக்குப் பக்கம் சாலையைப் பார்த்த பக்கம். டவுன் பஸ் போகிற பக்கம். என் வாசல் வளைவு இருக்கிற பக்கம். அலுவலகத்தில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் தினமும் வீட்டுக்குப் போகிறார்கள். முடியாது, முடியவே முடியாது, தகரம் மேற்கோடு சரி, நான் உயிரோடு இருக்கும்வரை வடக்கில் ஒரு ஆணி இறங்காது என்று கூரை அதிரக் கத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

வடக்குச் சுவரில் முதலில் உள்ளங்கையை வைத்தேன், பிறகு புறங்கையை, பிறகு கன்னத்தை. ஈரம். பாழாய்ப்போன ஈரம்.

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டேன். ஆள் வரவில்லை என்று படுக்கையறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்குச் சுவரோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். நாடாவின் ஒரு முனையை ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்து, நனைந்துகொண்டே, திட்டிக்கொண்டே, நானே அளந்தேன்.